மாசி மாத மலை முகாமும் கரடியும்: உணவுச் சேமிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக் காடுகள் பரந்துள்ளன. 2008ஆம் ஆண்டு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். வடக்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் மேற்கே கேரளத்தின் நெய்யாறு சரணாலயமும் இவற்றை ஒட்டியிருப்பதால், யானை, காட்டுமாடு, கரடி முதலியவை மாவட்ட, மாநில எல்லைகளைப் பொருட்படுத்தாமல் போய்வருகின்றன. காட்டுக்குள்ளும் காட்டை ஒட்டியும் ரப்பர், கிராம்பு, மிளகுத் தோட்டங்கள் இருக்கின்றன. கரடிக்கும் மனிதருக்குமான சந்திப்புகள் பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் நிகழ்கின்றன.

இங்கு விவரிக்கப்படும் நிகழ்வு கீரிப்பாறைக்கு மேற்பட்ட மலைச்சரிவில், தனியார் எஸ்டேட் ஒன்றின் எல்லைக்குள், மாசி மாதத்தின் பிற்பகுதியில் நடந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவரின் தலைமையில் மாணவ மாணவியர் சிலர் பெரணித் தாவரங்களைக் கணக்கெடுப்பதற்காக அங்கு நான்கு இரவுகள் தங்கத் திட்டமிட்டிருந்தனர். சரணாலயத்துக்குள் பகலில் சென்றுவர வனத்துறையிடமும், கூடாரம் போட்டுத் தங்க எஸ்டேட் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம் என்பதால், இரவுத் தங்கலை எஸ்டேட் நிலத்திலேயே வைத்துக்கொண்டது சரியான ஏற்பாடு. காணி பழங்குடி இனத்தைச் சேர்ந்த அனுபவமிக்க பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக உடன் சென்றார்.

குழுத் தலைவரின் நாட்குறிப்பு, வழிகாட்டியின் வாய்மொழி, எஸ்டேட் காவலாளி கூறியவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இந்தப் பதிவு எழுதப்பட்டுள்ளது. அவர்கள் வேறுபடும் இடங்கள் அப்படியே குறிக்கப்பட்டுள்ளன.

இடமும் பருவமும்

ரப்பர் மரங்கள் மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்து, பின்னர் தளிர்விடுகின்றன. தளிர் இலையில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். குமரி மாவட்டத்தின் தேன் பருவம் இதை நம்பியே இருக்கிறது. மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேன் வளர்ப்போர் இந்த மாதங்களில் தேனீப் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து வைப்பது பல தலைமுறை வழக்கம். முகாமுக்குத் தெரிவு செய்யப்பட்ட சமதரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், அத்தகைய பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. குழுவினர் அவற்றைப் பார்த்தனர். ஆனால் முகாம் இடத்தைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தளிர்விடும் காலத்தில் மரங்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பால்வெட்டு (பாலுக்காகப் பட்டையைக் கீறுவது) நிறுத்தப்பட்டிருந்தது. மற்ற மாதங்களில் விடியுமுன்னே தலைவிளக்கோடு மரம் மரமாகச் செல்லும் தொழிலாளர்களின் நடமாட்டம் அப்போது இல்லை. அமைதியான இந்த வாரங்களில்தான் காட்டு விலங்குகள் தோட்டத்துக்குள் அதிகம் இறங்குகின்றன என்பது காவலாளியின் அனுபவம். கீழே தேன், மேலே காடு, நடுவில் ஆளற்ற தோட்டம் என்று அமைந்த இடத்தில்தான் கூடாரங்கள் போடப்பட்டன.

கொண்டுசென்ற உணவும் முதல் ஏற்பாடும்

அரிசி, சிறுபயறு, மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு, தேங்காய், கருவாடு, கருப்பட்டி, நேந்திரங்காய் உப்பேரி (வறுவல்), மட்டிப்பழக் (சிறு வாழைப்பழக்) குலை ஒன்று ஆகியவை குழுவின் உணவுப் பட்டியலில் இருந்தன. வரும் வழியில் பருவம் முந்திப் பழுத்த சக்கை (பலாப்பழம்) ஒன்றையும் வாங்கிக்கொண்டனர்.

குழுத் தலைவர் வெளிநாட்டு மலையேற்ற வழிகாட்டிகளைப் படித்திருந்தவர். வட அமெரிக்கக் காடுகளில் உறங்குமிடம், சமைக்குமிடம், உணவு வைக்குமிடம் ஆகிய மூன்றையும் முக்கோணமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 90 மீட்டர் விடுமாறு சொல்லப்படுகிறது. உணவுப் பையைக் கிளையில் சுமார் 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தொங்கவிடுவதும், கரடியால் திறக்க முடியாத கெட்டியான உருளைப் பெட்டிகளைப் பயன்படுத்துவதும் அங்குள்ள மற்ற முறைகள். மனித உணவின் ருசி கண்ட கருங்கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வந்து, இறுதியில் ஆபத்தானது என்று கொல்லப்படும் நிலை ஏற்பட்டதால் உருவான விதிகள் அவை. யோசமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் காட்டுக்குள் தங்குவோர் உருளைப் பெட்டி வைத்திருப்பது கட்டாயம்.

முதல் மாலை தலைவர் தொங்கவிடும் முறையைத் தெரிவு செய்தார். உணவு முழுவதும் இரண்டு சாக்குகளில் கட்டப்பட்டு, கூடாரங்களிலிருந்து 60 அடி தொலைவில் நின்ற அயனி மரத்தின் கிளையில் ஏற்றப்பட்டது. சமையல் அதைவிடவும் அருகில் நடந்தது. இடம் சரிவாக இருந்ததால் முக்கோண இடைவெளியைப் பின்பற்ற முடியவில்லை என்று நாட்குறிப்பு காரணம் கூறுகிறது. வழிகாட்டி அப்போதே ஓர் ஐயத்தை எழுப்பினார்: இந்தக் காட்டில் மரத்தில் தொங்குவதை எடுக்க யானை இருக்கிறது, ஏறி எடுக்கக் கரடியும் இருக்கிறது என்றார். வேறு ஏற்பாடு கையில் இல்லாததால் அன்றிரவு அப்படியே விடப்பட்டது.

முதல் இரவுக்குப் பின் கண்டவை

சாக்குகள் அசையாமல் இருந்தன. ஆனால் சமையல் இடத்துக்குப் பின்னால் ஆழமில்லாத குழியில் புதைத்திருந்த சக்கைத் தோலும் சுளைகளைச் சுற்றியுள்ள நாரான சடையும் தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. காட்டுப்பன்றியின் வேலை என்று வழிகாட்டி குளம்படிகளைக் காட்டிச் சொன்னார். குழு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதைத்தால் மணம் போய்விடும் என்ற எண்ணம் தவறென்பதற்கு முதல் சான்று அதுவே என்பதால் அதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் பிற்பகல், கணக்கெடுப்பு முடிந்து திரும்பும் வழியில், முகாமிலிருந்து ஏறத்தாழ 150 தப்படி தொலைவில் ஒரு கறையான் புற்று பிளந்து கிடந்தது. தோண்டிய மண் ஈரம் காயாமல் இருந்தது. அருகில் மென்மையான மண்ணில் ஒரு தடம். விரல் பதிவுகள் ஏறக்குறைய ஒரே வரிசையிலும், நகப் பதிவுகள் அவற்றுக்கு வெகு முன்னால் தள்ளியும் இருந்தன. இந்தியாவில் காணப்படும் தேன்கரடிக்கு உரிய தடம் இது. நீண்டு வளைந்த நகங்களால் புற்றைத் தோண்டி, மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு இல்லாத இடைவெளி வழியாகக் கறையான்களை உறிஞ்சி உண்பது இந்த இனத்தின் தனித்தன்மை. அந்த உறிஞ்சும் ஓசை இரவில் தொலைவிலிருந்தே கேட்கும். கறையானுக்கும் எறும்புக்கும் அடுத்தபடியாக இது விரும்புவது தேனும், அத்தி, கொன்றை, பலா போன்றவற்றின் கனிகளும்தான். புலால் உண்பது அரிது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, குழு கூடிப் பேசியது. முகாமைக் கலைத்துக் கீழே இறங்கிவிடலாம் என்பது முதல் யோசனை. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததாலும், இறங்கும் பாதை யானைகள் நீர்நிலைக்குச் செல்லும் வழியைக் குறுக்கிட்டதாலும், இருட்டில் நடப்பது தங்குவதைவிட ஆபத்து என்று அது கைவிடப்பட்டது. பிற்பாடு எல்லோரையும் கேட்டபோதும் இந்த முடிவை யாரும் குறைசொல்லவில்லை.

உணவைக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னதை வழிகாட்டி உடனே மறுத்தார். தேன்கரடி மனிதரைத் தாக்கும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை எதிர்பாராத நெருக்கத்தில் நேர்பவை. அது பயந்து எழுந்து நின்று முகத்தையும் தலையையும் தாக்கும். ஆகவே கரடிக்கு விருப்பமான பொருளுக்கும் உறங்கும் மனிதருக்கும் இடையே இயன்ற அளவு தூரம் வேண்டும். உணவைக் காப்பதைவிட, இருட்டில் யாரும் கரடியின் மீது போய் இடித்துக்கொள்ளாதிருப்பதே முக்கியம் என்ற இந்தப் புரிதல் அந்த மாலையில்தான் குழுவுக்கு ஏற்பட்டது. இந்த நிகழ்விலிருந்து பிறர் எடுத்துக்கொள்ளத் தக்கது அதுவே என்பது எனது கருத்து.

மரத்தில் தொங்கவிடுவதும் கைவிடப்பட்டது. தேன்கரடி தேனடைக்காக உயர்ந்த மரங்களில் ஏறக்கூடியது. வளர்ந்த யானை தும்பிக்கையை உயர்த்தினால் 4 மீட்டர் உயரத்தை எளிதில் எட்டும். அரிசி, உப்பு, வாழைப்பழம் ஆகியவற்றின் மணம் யானையையும் ஈர்க்கும். ஒரு கண்டத்தின் கருங்கரடிக்காக வகுத்த உயரம் இங்கே இரண்டு விலங்குகளிடமும் தோற்றுப்போகும்.

எஞ்சியது பீப்பாய். எஸ்டேட் கொட்டகையில் ரப்பர் பால் சேகரிக்கும் நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இருந்தன. பால் கெடாதிருக்க அம்மோனியா சேர்க்கப்படுவதால் பயன்படுத்திய பீப்பாய்களில் உணவை வைக்க முடியாது என்று காவலாளி எச்சரித்தார். தண்ணீருக்காக வைத்திருந்த, பால் படாத பீப்பாய் ஒன்றை அவர் கொடுத்தார். அகன்ற வாயும், மூடியைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையமும், அதைப் பூட்டும் நெம்புபிடியும் கொண்டது அது. கரடியின் வாய்க்குள் அடங்காத பருமனும் பிடிமானமில்லாத வழவழப்பும் அதற்கு இருந்தன. கரடிக்கென்று சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பெட்டி அல்ல என்பதை அனைவரும் அறிந்தே அதை ஏற்றனர்.

அடுத்து, எதை முகாமிலிருந்து அகற்றுவது என்ற கேள்வி எழுந்தது. தலைவர் முதலில் கையில் எடுத்தது கருவாட்டுப் பொட்டலத்தை. மனித மூக்குக்கு அதுதான் கடுமையான நாற்றம் என்பதால் அப்படித் தோன்றியது இயல்பே. வழிகாட்டி தடுத்தார்: “கருவாடு கெடக்கட்டும் சாரே, அந்தச் சக்கையையும் கருப்பட்டியையும் மொதல்ல எடுத்து மாத்தணும்.” கரடியின் விருப்பம் இனிப்பின் பக்கம் என்பதை அறிந்தவர் சொன்ன வரிசை அது. சக்கைச் சுளைகள், மட்டிப்பழக் குலை, கருப்பட்டி ஆகியவை காவலாளியிடம் ஒப்படைக்கப்பட்டு, கல்சுவரும் இரும்புக் கதவும் கொண்ட எஸ்டேட் கிடங்கில் பூட்டப்பட்டன. கருவாடும் பின்னர் அங்கேயே சென்றது. அரிசி, பயறு, கிழங்கு, உப்பேரி ஆகியவற்றுடன் சமையல் எண்ணெய், பற்பசை, சோப்பு ஆகியவையும் பீப்பாய்க்குள் வைக்கப்பட்டன. பீப்பாய் கூடாரங்களிலிருந்து 100 தப்படி தள்ளி, விடியற்காலையில் யாரும் நடக்கத் தேவையில்லாத திசையில், ரப்பர் நட்ட படிக்கட்டுத் திட்டு ஒன்றின் விளிம்பில் நிறுத்தப்பட்டது. அதைக் கயிற்றால் மரத்தில் கட்டவில்லை. கட்டினால் இழுத்துப் பிளக்க விலங்குக்குப் பிடி கிடைத்துவிடும்.

இருட்டிய பிறகு யாரும் தனியே வெளியே வரக்கூடாது, ஓசை கேட்டால் கூடாரத்துக்குள் இருந்தபடியே விளக்கேற்றி உரக்கப் பேச வேண்டும், எக்காரணத்தாலும் ஓடக்கூடாது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வழிகாட்டியும் காவலாளியும் சற்று மேலே இருந்த சுவர் உள்ள கொட்டகையில் தகரமும் தடியுமாகத் தங்கினர்.

இரண்டாம் இரவு

நள்ளிரவு கடந்து பீப்பாய் உருளும் ஓசை கேட்டது. கொட்டகையிலிருந்து தகரம் தட்டப்பட்டது. கூடாரங்களில் விளக்குகள் எரிந்தன, பேச்சுக்குரல் எழுந்தது. ஓசை சிறிது நேரம் நின்றது. பிறகு எதிர்பாராதபடி, கூடாரங்களின் கீழ்வரிசைப் பக்கம் மூச்சிரைப்பும் துணி கிழியும் சத்தமும் கேட்டன. தகரச் சத்தம் தொடர்ந்தது. விலங்கு சரிவில் இறங்கிச் சென்றதைக் காவலாளி நிலவொளியில் பார்த்திருக்கிறார். யாருக்கும் காயமில்லை. விடியும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை.

வெளிச்சம் வந்தபின் பார்த்தபோது பீப்பாய் இரண்டு திட்டுகள் கீழே உருண்டு ஒரு மரத்தில் முட்டிக் கிடந்தது. பக்கவாட்டில் நீண்ட கீறல்கள் இருந்தன. வளையமும் மூடியும் அசையவில்லை. உள்ளே இருந்தவை அப்படியே இருந்தன. கிழிந்தது ஒரு தோள்பை. கூடாரத்தின் உள் அறைக்கும் வெளி மறைப்புக்கும் இடையே வைத்திருந்த அந்தப் பையின் பக்க அறையில், பகலில் தின்ற மட்டிப்பழத்தின் தோலும் உப்பேரிப் பொட்டலத்தின் காலி உறையும் இருந்துள்ளன. உணவைப் பீப்பாய்க்குள் சேர்க்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் பையில் உள்ள தின்பண்டங்களை எடுத்துத் தந்தனர். மிச்சத்தையும் குப்பையையும் எடுத்துத் தருமாறு யாரும் கேட்கவில்லை, பிறர் பையை யாரும் பார்க்கவுமில்லை. பை இருந்த இடத்துக்கும் அந்த மாணவியின் தலைக்கும் இடையே ஒரு துணிச்சுவரும் ஒரு முழத்துக்குக் குறைவான தூரமுமே இருந்தன. பீப்பாய் தாங்கியது என்ற நிம்மதி இந்தச் செய்தியில் கரைந்துபோனதை நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் காண முடிகிறது.

தடங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வந்தது ஒரே கரடி என்கிறார் வழிகாட்டி. முதுகில் குட்டியைச் சுமந்த தாய் என்கிறார் காவலாளி. தேன்கரடி குட்டியை முதுகில் ஏற்றிச் செல்லும் இயல்புடையது. மாசியில் சிறு குட்டியோடு தாய் திரிவதும் நடக்கக்கூடியதே. தாயாக இருந்திருந்தால் ஆபத்து பன்மடங்கு என்பதால், இனி எச்சரிக்கை அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டனர்.

பின்விளைவுகள்

மூன்றாம் நாள் காலை முகாம் கலைக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் காலியாக இருந்த அறைகளைக் கேட்டுப் பெற்று, ஒன்றில் ஆட்களும், இடைவெளி விட்டு மற்றொன்றில் உணவுமாகத் தங்கினர். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் தரப்பட்டது. தேன்கரடி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறுபவற்றின் பட்டியலில், உள்ள உயிரினம். அதை விரட்டுவதோ பின்தொடர்வதோ தனியாரின் வேலையல்ல. இடத்தைப் பார்வையிட்ட வனக்காவலர்கள் குப்பைக் குழியைத் திறக்கச் செய்து, மிச்சம் அனைத்தையும் மூட்டையாகக் கட்டிக் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். கணக்கெடுப்பு காலை எட்டு மணிக்குப் பிறகே தொடங்கி நான்கு மணிக்குள் முடிக்கப்பட்டது.

அன்றிரவு கீழ்த்தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் சில தள்ளப்பட்டு, அடைகள் உண்ணப்பட்டிருந்தன. முந்தைய ஆண்டும் பக்கத்துச் சரிவில் இப்படி நடந்தது என்று பெட்டிகளின் உரிமையாளர் கூறினார். இந்தத் தகவல் ஆய்வின் போக்கை மாற்றுகிறது. முகாமின் உணவுதான் கரடியைக் காட்டிலிருந்து வரவழைத்தது என்று கொள்வதற்கில்லை. தேனுக்காக ஆண்டுதோறும் இறங்கும் கரடியின் வழியில் முகாம் போடப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம். அப்படியானால் உணவை எவ்வளவு திறமையாக மூடினாலும் அந்த இடத்தில் கரடி வராமல் இருந்திருக்காது. மூடியதன் பயன், வந்த கரடி அங்கே வெற்றி பெறாமல் போனதும், தோள்பை ஒன்று நீங்கலாக, உறங்குவோரை நெருங்கக் காரணம் இல்லாமல் போனதும்தான்.

பெட்டி உரிமையாளர் எஞ்சிய பெட்டிகளை அந்த வாரமே ஊருக்கு அருகில் மாற்றிவிட்டார். குழுவின் வருகையால் தமக்கு இழப்பு நேர்ந்தது என்று அவர் கருதவில்லை. ஆனால் முகாம் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இடத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன் என்றார்.

அடுத்த முறைக்கான மாற்றங்கள்

இடத் தெரிவு முதலில் மாற வேண்டும். பகலில் சுற்றுவட்டாரத்தை நடந்து பார்த்து, பிளந்த புற்று, நகக்கீறல் உள்ள மரம், கனிந்த பலா அல்லது அத்தி, தேனீப் பெட்டி, யானைத்தடம் ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் அங்கே கூடாரம் போடாமல் விலக வேண்டும். இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் தேனீப் பெட்டி இல்லாத இடம் கிடைப்பது கடினம் என்பதால், அந்த மாதங்களில் கட்டடத்துக்குள் தங்குவதே பொருத்தம். வழிகாட்டி இதில் உறுதியாக இருக்கிறார். தலைவர் கூடாரத்தை முற்றிலும் கைவிட விரும்பவில்லை. பெட்டிகள் ஊர் திரும்பிய பிறகு, பால்வெட்டு மீண்டும் தொடங்கித் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் வந்தபின் போடலாம் என்கிறார்.

உணவுப் பட்டியலில் பழுத்த பழங்களுக்கு இனி இடமில்லை. கருப்பட்டிக்குப் பதில் காப்பித்தூளும் சிறிதளவு சர்க்கரையும் காற்றுப்புகாத டப்பாவில் செல்லும். காலையில் பெருமளவு சமைத்து, மாலைச் சமையலைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால், இரவில் மணம் பரப்பும் பாத்திரங்கள் குறையும். கழுவிய நீரைக் கூடாரத்துக்கு மேற்புறச் சரிவில் ஊற்றக்கூடாது. அது வழிந்து கூடாரத்தை நோக்கியே வரும். எதையும் புதைக்கக்கூடாது.

பீப்பாய் முறை தொடரும். ஆனால் திட்டின் விளிம்பில் வைக்கப்படாது. உருண்டு கீழே போனதால் அன்று நேர்ந்தது நன்மையாகக்கூட இருக்கலாம். கூடாரம் கீழே இருந்திருந்தால் நிலைமை வேறு. சமதரையில், கொட்டகையிலிருந்து விளக்கொளி எட்டும் இடத்தில், நடைபாதைக்கு எதிர்ப்புறமாக வைக்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இரவில் பீப்பாயும் உதவாது. யானையின் காலுக்கு அது தாங்காது. அத்தகைய இரவில் உணவும் ஆட்களும் தனித்தனிக் கட்டடங்களில் இருக்க வேண்டும்.

பைகளைச் சோதிக்கும் பொறுப்பு, மாலை ஆறு மணிக்கு முன் இருவர் சேர்ந்து, எல்லோருடைய பைகளின் எல்லா அறைகளையும் கவிழ்த்துப் பார்ப்பதாக வகுக்கப்பட்டுள்ளது. தோலும் காலி உறையும் உணவாகவே கணக்கிடப்படும். மருந்துப் பை, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் ஆகியவையும் பீப்பாய்க்குள் செல்லும். எண்ணெய் தேய்த்த தலையோடு உறங்குவதைத் தவிர்க்குமாறு மாணவியரிடம் கேட்பது தேவையா என்பதில் குழு முடிவுக்கு வரவில்லை. வழிகாட்டி அது தேவையில்லை என்று சிரித்ததாக நாட்குறிப்பில் இருக்கிறது.

குழு அடுத்த கணக்கெடுப்புக்கு அளித்துள்ள விண்ணப்பத்தில், தங்குமிடமாக எஸ்டேட் குடியிருப்பு அறைகளும், உணவுக்கு இரும்புக் கதவுள்ள கிடங்கும் குறிப்பிடப்பட்டுள்ளன. முன்கூட்டியே பேச வேண்டியவர்களின் பட்டியலில், வனச்சரக அலுவலகத்துக்கும் எஸ்டேட் மேலாளருக்கும் அடுத்ததாகத் தேனீப் பெட்டிகளின் உரிமையாளரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்.